ஊர்திகளில் மீள்தடக் குறை: வகை, காரணம், கண்டறியும் முறை
பிள்ளைப்பாக்கம் தொழில்வட்டார ஊர்திகளை முன்வைத்து

நோக்கமும் களமும்

ஊர்தியின் மின்சுற்றில் ஏறக்குறையப் பாதி கம்பியாக இல்லை. பேட்டரியின் நேர்முனையிலிருந்து விளக்குக்கும் மோட்டாருக்கும் செல்லும் வழி, நிறம் பிரித்த வயர்களாலும் ஃபியூசுகளாலும் ரிலேக்களாலும் ஆனது. அங்கிருந்து எதிர்முனைக்குத் திரும்பும் வழி, பெரும்பகுதி உடல்தகடும் சேசிசும் எஞ்சின் கட்டையும் அவற்றை இணைக்கும் சில போல்ட்டுகளுமே. பட்டறை வழக்கில் இதை ‘எர்த்’ என்கிறார்கள். இத்திரும்பு வழியில் நேரும் குறைகளை வகுப்பதும், அவற்றின் காரணங்களைப் பிரித்தறிவதும், கண்டறியும் படிகளை ஒழுங்குபடுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குரிய களமாக ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வட்டாரத்துப் பிள்ளைப்பாக்கத்தைக் கொள்கிறோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இலும் டெய்ம்லர் சரக்கு ஊர்தி ஆலை 2012-இலும் திறக்கப்பட்டன. ஊர்திகள் பிறக்கும் இந்த வட்டாரமே ஊர்திகள் கடுமையாக உழைத்துத் தேயும் வட்டாரமும் ஆகும். மூன்று ஷிஃப்டுக்கும் ஆளேற்றும் கம்பெனி பஸ்களும் வேன்களும், புதுக் கார்களைச் சுமக்கும் ட்ரெய்லர்களும், ஜல்லி டிப்பர்களும் சிப்காட் சாலைகளில் இரவுபகலாக ஓடுகின்றன. மீள்தடம் முறையாக அமைக்கப்படுவதையும் அது நாளடைவில் கெடுவதையும் சில கிலோமீட்டருக்குள் ஒருங்கே காண முடிவதால் இக்களம் நமக்குப் பொருத்தமானது.

நாம் நிறுவ முயல்வது ஒன்றே. மீள்தடக் குறை மின்னோட்டம் பாயும்போது மட்டுமே வெளிப்படும். எனவே ஓட்டமில்லாத நிலையில் செய்யும் சோதனை எதுவும் மீள்தடம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

1. வரையறைகள்

மீள்தடம்: மின்சாதனத்தின் வெளியேறு முனையிலிருந்து பேட்டரியின் எதிர்முனை வரை ஓட்டம் திரும்பும் முழுவழி. வயர், லக், போல்ட், வாஷர், தகடு, பேட்டரி கிளாம்ப் அனைத்தும் இதில் அடங்கும். டயர்மேல் நிற்கும் ஊர்தியில் இத்தடம் மண்ணோடு எவ்வகையிலும் சேர்வதில்லை.

தொடுதடை: இரு உலோகப் பரப்புகள் சேருமிடத்தில் தோன்றும் மின்தடை. முழுப்பரப்பும் பொருந்தியிருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும் நுண்மேடுகள் தொடும் சில புள்ளிகளின் வழியாகவே ஓட்டம் செல்கிறது. துருவோ பெயின்ட்டோ இடையே புகுந்தாலும், இறுக்கிப் பிடிக்கும் விசை தளர்ந்தாலும் அப்புள்ளிகள் குறைந்து தடை உயரும்.

தளவுயர்வு: மீள்தடத்தின் ஓரிடத்துக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே, ஓட்டம் பாயும்போது தோன்றும் மின்னழுத்த வேறுபாடு. நல்ல மீள்தடத்தில் இது சுழிக்கு மிக அருகில் இருக்கும்.

கள்ளத்தடம்: உரிய மீள்தடம் தடைப்பட்டபோது ஓட்டம் தனக்கு உரியதல்லாத சாதனங்களின் வழியாகத் தேடிக்கொள்ளும் திரும்பு வழி.

மீள்தடத்துக்கு இரு பணிகள் உண்டு. ஒன்று சுமைப்பணி: ஓட்டத்தைத் திருப்பிக் கொண்டுசேர்த்தல். மற்றொன்று ஒப்புப்பணி: ஊர்தியின் எல்லா மின்னழுத்தங்களும் அளக்கப்படுவதற்குரிய சுழிநிலையைத் தருதல். பழைய ஊர்திகளில் முதற்பணியே பெரிதாக இருந்தது. உணர்விகளும் கட்டுப்பாட்டுக் கணினிகளும் பெருகிய இன்றைய ஊர்திகளில் இரண்டாம் பணியும் அதே அளவு முதன்மை பெற்றுவிட்டது.

இனி அளவைப் பார்ப்போம். ஓம் 1827-இல் வெளியிட்ட விதியின்படி வீழ்ச்சி என்பது ஓட்டத்தையும் தடையையும் பெருக்கிய தொகை. ஒரு போல்ட்டில் 0.01 ஓம் தொடுதடை இருப்பதாகக் கொள்வோம். 2 மில்லி ஆம்பியர் இழுக்கும் உணர்விக்கு அதனால் வரும் இழப்பு 20 மைக்ரோ வோல்ட், பொருட்படுத்த வேண்டாம். 200 ஆம்பியர் இழுக்கும் செல்ஃப் மோட்டாருக்கோ இழப்பு 2 வோல்ட். அந்த ஒரு போல்ட்டில் 400 வாட் வெப்பமாகச் சிதறும். தடை ஒன்றே, அது குறையாவதும் ஆகாததும் பாயும் ஓட்டத்தைப் பொறுத்தது.

2. மீள்தடத்தின் வகைகள்

ஓட்டத்தின் அளவையும் இடத்தையும் கொண்டு மீள்தடத்தை ஐவகையாகப் பிரிக்கிறோம்.

முதலாவது மூலத்தடம். பேட்டரி எதிர்முனையை உடலோடும் எஞ்சினோடும் சேர்க்கும் தடித்த கேபிள் இது. சில கனரக ஊர்திகளில் இதன் நடுவே கட்-ஆஃப் சுவிட்ச் இருப்பதால் தொடுமுனைகள் மேலும் கூடுகின்றன.

இரண்டாவது எஞ்சின் தடம். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டுகள்மேல் அமர்ந்திருப்பதால் சேசிசோடு அதற்கு இயல்பான உலோகத் தொடர்பு இல்லை. பின்னிய செம்புப் பட்டையே, அதாவது எர்த் ஸ்ட்ராப்பே, அத்தொடர்பைத் தருகிறது. செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் தம் ஓட்டத்தை எஞ்சின் கட்டையின் வழியாகவே திருப்புகின்றன.

மூன்றாவது உடல்தடம். லாரியின் கேபினைச் சேசிசோடு இணைக்கும் கேபிள், கேபினைச் சாய்க்கும்போதெல்லாம் மடங்கி நிமிர்கிறது. ட்ரெய்லரில் இத்தடம் சாக்கெட்டின் எர்த் முள் வழியே இழுவை ஊர்திக்கு வர வேண்டும். அந்த முள் கெட்டால் ஓட்டம் கிரீஸ் தடவிய ஃபிஃப்த் வீல், கிங் பின் வழியாகத் திரும்ப முயலும். வளைவில் திரும்பும்போது மட்டும் ட்ரெய்லர் விளக்குகள் துடிப்பதற்கு இது ஒரு காரணம்.

நான்காவது கிளைத்தடம். விளக்குத் தொகுதி, புளோயர், எரிபொருள் பம்ப், வைப்பர் ஆகியவற்றின் தனி எர்த் வயர்கள் அருகிலுள்ள பொதுப் போல்ட்டில் சேர்வது இவ்வகை.

ஐந்தாவது உணர்வித்தடம். உணர்விகளின் எதிர்முனைகள் உடலில் கட்டப்படாமல் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தனி வயரில் சென்று, அங்கிருந்து ஓரிடத்தில் மட்டும் உடலோடு சேர்கின்றன. பெரிய ஓட்டங்களின் வீழ்ச்சி சிறிய அளவைகளைக் கெடுக்காதிருக்கவே இப்பிரிவினை.

3. காரணங்கள்

காரணங்கள் அமைப்புவழி, சூழல்வழி, கைவழி என மூன்றாகும்.

அமைப்புவழிக் காரணம் ஆலையில் தொடங்குகிறது. பற்றவைத்து முடித்த கார் உடலை மின்படிவுப் பெயின்ட் தொட்டியில் மூழ்கவைத்து எடுக்கிறார்கள். ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமனில் படியும் இந்தப் படலம் துருவைத் தடுக்கும், மின்னையும் தடுக்கும். ஆகவே எர்த் ஸ்டட்டுகளை முன்பே பற்றவைத்து, மூடி போட்டுக் காப்பதும், பெயின்ட்டைச் சீவி இறங்கும் மரையுள்ள நட்டுகளைப் பயன்படுத்துவதும் உற்பத்தி முறையின் பகுதியாக உள்ளன. இந்த ஏற்பாட்டில் ஒரு நட்டு குறித்த முறுக்குவிசைக்கு இறுகாமல் போனாலும், ஊர்தி தன் குறையோடே கேட்டைத் தாண்டும்.

சூழல்வழிக் காரணத்தில் முதன்மையானது ஈரம். தகரப்பூச்சிட்ட செம்பு லக், இரும்புத் தகடு, அலுமினிய எஞ்சின் கட்டை ஆகிய வேறுவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுமிடத்தில் உப்புக் கலந்த ஈரம் தங்கினால் அதுவே ஒரு சிறு மின்கலமாகிறது. அதில் அரிக்கப்படுவது செம்பன்று, இரும்பும் அலுமினியமும்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் இவ்வட்டாரத்தில், தேங்கிய நீரில் ஓடும் வண்டியின் அடிப்பாகத்துப் போல்ட்டுகள் ஆண்டுதோறும் இச்சோதனைக்கு ஆளாகின்றன. 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற காலங்களில் நீர் உள்தளம் வரை ஏறிவிட்டால், கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள எர்த் ஸ்டட்டுகள் மேற்பரப்பு உலர்ந்த பின்னும் பல நாள் ஈரத்திலேயே கிடக்கும். வயரின் உறைக்குள் ஏறிய நீர் செம்பில் களிம்பை உண்டாக்கி, லக்கிலிருந்து சில அங்குலம் உள்ளே வரை இழைகளைத் தின்னும். இரண்டாவது சூழற்காரணம் அதிர்வு. அது போல்ட்டைத் தளர்த்தும். லக்கின் கழுத்தில் இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கும்.

கைவழிக் காரணங்களே நடைமுறையில் பெரிதும் கவனிக்கத்தக்கவை. டிங்கரிங் முடித்துப் பெயின்ட் அடித்த தகட்டின்மேல் அப்படியே லக்கை வைத்து இறுக்குதல். கிளட்ச் வேலைக்கு இறக்கிய கியர்பாக்சை ஏற்றும்போது எர்த் ஸ்ட்ராப்பைத் திரும்பக் கட்டாமல் விடுதல். ஒரே போல்ட்டில் நான்கைந்து லக்குகளை அடுக்குதல். தகட்டில் தானே மரை வெட்டும் ஸ்குரூவை இறக்கி அதையே எர்த்தாகக் கொள்ளுதல். இவை அனைத்தும் இவ்வகை. ஏ.ஐ.எஸ். 140 தரநிலைப்படி பொதுப் பயணி ஊர்திகளுக்கு வந்த இருப்பிடங்காட்டிக் கருவி, கூடுதல் ஃபாக் லைட், மியூசிக் சிஸ்டம் என ஒவ்வொன்றும் பின்னால் சேரும்போது, அவற்றின் எர்த் எங்கே எடுக்கப்பட்டது என்பது எந்த வரைபடத்திலும் ஏறுவதில்லை.

4. அறிகுறிகளின் பகுப்பு

அறிகுறிகளை நான்கு வகுப்பில் அடக்கலாம்.

(அ) மெலிவு. விளக்கு மங்கும், வைப்பர் தளரும், செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறைவது: பத்தில் ஒரு பங்கு மின்னழுத்தம் குறைந்தால் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு போய்விடும். ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மங்கினால் கிளைத்தடத்தையும், எல்லாம் ஒருசேர மங்கினால் மூலத்தடத்தையும் ஐயுற வேண்டும்.

(ஆ) கலப்பு. ஒன்றை இயக்க மற்றொன்று இயங்கும். ஊழியர் வேன் ஒன்றின் பின்விளக்குத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் 21 வாட் பிரேக் இழையும் 5 வாட் பார்க் இழையும் ஒரே எர்த் வயரைப் பகிர்கின்றன. அந்த வயர் விட்டுப்போனது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். ஓட்டம் 21 வாட் இழையைக் கடந்து பொதுமுனைக்கு வருகிறது, வெளியேற வழியில்லை. வடிகால் அடைந்த வயலின் நீர் பக்கத்து வயலுக்கு ஏறுவதுபோல, அது 5 வாட் இழைக்குள் பின்புறமாக நுழைந்து பார்க் லைட் வயரில் ஏறுகிறது. எதிர்ப்பக்கப் பார்க் லைட், நம்பர் பிளேட் விளக்கு, டேஷ்போர்டு விளக்குகள் ஆகியவற்றின் நல்ல எர்த் வழியாகத் திரும்புகிறது. பிரேக்கை மிதிக்க டேஷ்போர்டு மினுங்குவது இதனால்தான். இத்தகைய கலப்பைக் கண்டவுடன் சுவிட்சையோ ஃபியூசையோ தேடாமல் பொதுமுனையின் எர்த்தைத் தேடுவதே முறை.

(இ) பொய்யளவு. அழுத்த உணர்வி ஒன்று 0.5 முதல் 4.5 வோல்ட் வரை காட்டுவதாகக் கொள்க. அதன் தடத்தில் 0.1 வோல்ட் தளவுயர்வு வந்தால் முழு வீச்சில் 2.5 விழுக்காடு பிழை சேர்ந்துவிடும். வெப்பம் கூடக் கூட மின்னழுத்தம் குறையும் வகைக் கூலன்ட் உணர்வியில் இதே உயர்வு எஞ்சினை உள்ளதைவிடக் குளிராகக் காட்டும். கணினி அதை நம்பி எரிபொருளைக் கூட்டும். ஹெட்லைட் போட்டதும் வெப்பமானியின் முள் நகர்ந்தால் அது பொய்யளவின் வெளிப்படையான அடையாளம். பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட கேன் தொடர்புமுறை இரு வயர்களின் வேறுபாட்டை மட்டும் படிப்பதால் சிறு தளவுயர்வைப் பொறுத்துக்கொள்ளும். ஒற்றை வயரில் இயங்கும் லின் முறைக்கு அப்பொறுமை குறைவு.

(ஈ) வழிமாற்றம். எஞ்சின் தடம் அற்றுப்போனால் செல்ஃப் மோட்டாரின் ஓட்டம் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் ஆகியவற்றைக் கள்ளத்தடமாக்கிக்கொள்ளும். உறை உருகிய, தொட்டால் சுடும் கேபிள் இதற்குச் சான்று. புதுக் கேபிள் மாற்றுவது இங்கே மருந்தாகாது, அதுவும் உருகும்.

5. அளவைமுறை

மீள்தடத்தைச் சோதிக்கப் பட்டறைகளில் மூன்று வழிகள் உள்ளன. முதல் இரண்டும் நம்மை ஏமாற்றக்கூடியவை.

ஓம் அளவை முதல் வழி. செல்ஃப் சுற்றின் எர்த்துக்கு 200 ஆம்பியரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் வீழ்ச்சி ஆகாது என்றால், ஏற்கத்தக்க தடை 0.001 ஓம். சாதாரண மல்டிமீட்டர் காட்டும் கடைசி இலக்கம் 0.1 ஓம், தேவைப்படும் நுட்பத்தைவிட அது நூறு மடங்கு பருமனானது. மேலும் அது அளப்பதற்குச் செலுத்தும் ஓட்டம் மிகச் சிறிது. எல்லா இழைகளும் அறுந்து 0.3 மி.மீ. இழை ஒன்று மட்டும் லக்கில் ஒட்டியிருந்தாலும் மீட்டர் ‘பீப்’ என்று ஒலித்து நல்ல தொடர்பு என்றே சொல்லும். செல்ஃப் தட்டிய கணத்தில் அந்த இழை உருகிப்போகும்.

டெஸ்ட் லேம்ப் இரண்டாம் வழி. 3 வாட் பல்பு இழுப்பது கால் ஆம்பியர். 1 ஓம் தொடுதடை உள்ள கெட்ட எர்த்திலும் அதற்குக் கால் வோல்ட் அளவே குறையும். பல்பு பளிச்சென்று எரியும். அதே எர்த்தில் 15 ஆம்பியர் இழுக்க வேண்டிய புளோயருக்குப் பாதி மின்னழுத்தம்கூடக் கிடைக்காது.

மூன்றாவது, சுமையில் வீழ்ச்சி அளத்தல். சாதனத்தை இயக்கி, ஓட்டம் பாயும் நிலையில் மீள்தடத்தின் இரு முனைகளுக்கிடையே வோல்ட் அளப்பது இது. சோதனை ஓட்டத்தை மீட்டர் தர வேண்டியதில்லை, சாதனமே தருகிறது. எந்த ஓட்டத்தில் குறை தொல்லை தருகிறதோ அந்த ஓட்டத்திலேயே குறை அளக்கப்படுகிறது.

12 வோல்ட் ஊர்திகளுக்குப் பொதுவாக ஏற்கப்படும் வரம்புகள்: ஓர் இணைப்புக்கு 0.1 வோல்ட், செல்ஃப் சுற்றின் முழு மீள்தடத்துக்கு 0.2 வோல்ட், உணர்வித்தடத்துக்கு 0.05 வோல்ட். 24 வோல்ட் பஸ், லாரிகளுக்குத் தயாரிப்பாளர் கையேடு தரும் வரம்பையே முதன்மையாகக் கொள்ள வேண்டும்.

6. கண்டறிதலின் படிகள்

முதற்படி, கேட்டல். எப்போது வருகிறது, அப்போது வேறு எவை இயங்கிக்கொண்டிருந்தன, மழைக்குப் பிறகா, அண்மையில் என்ன வேலை நடந்தது என்ற நான்கு கேள்விகளும் தவறக்கூடாதவை. “மழை பேஞ்சா மட்டும் செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுண்ணே” என்று டிரைவர் சொல்வதில் காலம், சூழல், சுற்று மூன்றும் அடங்கிவிட்டன.

இரண்டாம் படி, பேட்டரியை விலக்கல். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி நிறைந்தது. 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்த பின்னரே மேலே செல்ல வேண்டும்.

மூன்றாம் படி, முழுமையை அளத்தல். எரிபொருள் பம்ப் ரிலேயைக் கழற்றியோ டீசல் நிறுத்துச் சோலினாய்டைத் துண்டித்தோ எஞ்சின் பிடிக்காதபடி செய்க. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி எதிர்முனையின் ஈயக் கம்பத்தின் மேலேயே வைக்க வேண்டும். கிளாம்பின் மேல் வைத்தால் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையிலுள்ள குறை அளவைக்கு வெளியே போய்விடும். சிவப்பு முனை எஞ்சின் கட்டையில் பெயின்ட் இல்லாத இடத்தில். சில நொடி செல்ஃப் சுற்றி, உச்ச அளவைக் குறிக்க. 0.2-க்குள் இருந்தால் மூலத்தடமும் எஞ்சின் தடமும் நல்லவை.

நான்காம் படி, பகுத்தல். வரம்பு மீறினால் கம்பம்–கிளாம்ப், கிளாம்ப்–கேபிள் லக், லக்–போல்ட், போல்ட்–கட்டை எனத் துண்டுதுண்டாக அதே சுமையில் அளக்க. தொடராக அமைந்த துண்டுகளின் வீழ்ச்சிகள் கூடி முழு வீழ்ச்சிக்குச் சமமாக வேண்டும். கூடாவிட்டால் ஒரு துண்டு விடுபட்டது அல்லது சுமை மாறியது என்று பொருள். கிர்க்காஃப் 1845-இல் வகுத்த விதி இங்கே நம் கணக்கைத் தணிக்கை செய்கிறது.

ஐந்தாம் படி, உடலும் கிளைகளும். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், புளோயர், வைப்பர் அனைத்தையும் போட்டு, உடல்தகட்டுக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே அளக்க. பின்னர் குறையுள்ள சாதனத்தின் எர்த் முள்ளிலிருந்து உடலுக்கும், உணர்வித்தடத்திலிருந்து பேட்டரிக்கும் அளக்க. நேர்முனைப் பக்கத்து வீழ்ச்சியையும் தனியே அளந்து விலக்காமல் பழியை எர்த்தின்மேல் போடக்கூடாது.

ஆறாம் படி, மாற்றுத்தடத்தால் மெய்ப்பித்தல். ஐயத்துக்குரிய துண்டுக்கு இணையாக ஜம்பர் கேபிளைப் பிடித்து மறுபடி இயக்குக. அறிகுறி மறைந்தால் குறை அத்துண்டில்தான். இது சான்று மட்டுமே. கூடுதல் வயர் ஒன்றை நிரந்தரமாகக் கட்டி அனுப்புவது பழைய குறையை மூடிமறைப்பதாகும்.

7. திருத்தமும் சரிபார்ப்பும்

திருத்தத்தில் வரிசை முக்கியம். பேட்டரியைக் கழற்றியபின், லக்கின் இருபுறத்தையும் தகட்டையும் உப்புத்தாளால் வெற்று உலோகம் வரை தேய்க்க வேண்டும். லக் தகட்டை நேரடியாகத் தொட வேண்டும். வாஷர் லக்குக்கு மேலேதான், இடையில் ஆகாது. முறுக்குவிசைக்கு இறுக்கிய பின்னரே வாசலின் அல்லது துருத்தடுப்புப் பூச்சை மேலே பூச வேண்டும். களிம்பேறிய வயரை, செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்டிப் புது லக் பொருத்த வேண்டும்.

எதிர்முனைக் கிளாம்பில் ஓட்ட உணர்வி உள்ள புதிய கார்களில் கூடுதல் கருவிகளின் எர்த்தைக் கம்பத்தில் நேரே கட்டக்கூடாது. அவ்வோட்டம் உணர்வியின் கணக்கில் வராமல் போகும். பேட்டரியின் நிலையைக் கணினி பிழையாக மதிப்பிடும். உடலில் அதற்கென உள்ள ஸ்டட்டே உரிய இடம். இறுதியாக, மூன்றாம் படியின் அளவை மீண்டும் எடுக்க வேண்டும். முன்னளவும் பின்னளவும் இல்லாத திருத்தம் ஊகமே.

8. மின்வண்டிகள்

மின்வண்டிகளின் உயர்மின்னழுத்தச் சுற்றுக்கு உடல் மீள்தடமாவதில்லை. இரு முனைகளும் உடலிலிருந்து காப்பிடப்பட்டவை. ஆயினும் கேள்வி மறையவில்லை, உருமாறியது. மோட்டார், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் உலோகக் கூடுகள் சேசிசோடு சமமின்னழுத்தத்தில் பிணைக்கப்பட வேண்டும். ஐ.நா. ஒழுங்குவிதி 100 இப்பிணைப்பின் தடை 0.1 ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. அதைக் குறைந்தது 0.2 ஆம்பியர் ஓட்டத்தில் அளக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. ஓட்டத்தைக் குறிப்பிடாமல் தடையைப் பேசுவதில் பொருளில்லை என்ற நம் துணிபோடு இது ஒத்துப்போகிறது. மின்வண்டியின் 12 வோல்ட் துணைச்சுற்று முன்போல உடல்வழியே திரும்புவதால், மேற்கூறிய படிகள் அதற்கும் பொருந்தும்.

முடிபு

மீள்தடக் குறை ஐவகைத் தடத்தில், மூவகைக் காரணத்தால் தோன்றி, நால்வகை அறிகுறியாக வெளிப்படுகிறது. அதை உறுதிசெய்யும் அளவை ஒன்றே: சுமையில் வீழ்ச்சி. இவ்வளவை எடுக்கப்படாத இடங்களில் முதலில் பேட்டரி மாற்றப்படுகிறது, அடுத்துச் செல்ஃப் மோட்டார், அதன்பின் உணர்விகள். நல்ல உறுப்புகளுக்குப் பணம் செலவாகிறது, குறை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பிள்ளைப்பாக்கத்தில் பல ஊர்திகளை வைத்து நடத்துவோருக்கு இதிலிருந்து இரு பரிந்துரைகள். பருவமழைக்கு முன், செப்டம்பரில், ஒவ்வொரு வண்டியின் எஞ்சின் தடத்தையும் உடல்தடத்தையும் சுமையில் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். முந்திய ஆண்டு 0.05 வோல்ட் காட்டிய தடம் இவ்வாண்டு 0.15 காட்டினால், வரம்புக்குள் இருப்பினும் அது பழுதாகிக்கொண்டிருக்கிறது. அடுத்து, பட்டறைச் சீட்டில் ‘எர்த் வேலை’ என்ற ஒற்றை வரியை ஏற்காமல், எந்தத் துண்டு, முன்னளவு என்ன, பின்னளவு என்ன என மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும்.